கண்ணாடியில் ஒட்டிய பொட்டு

சந்திரிகா பதினெட்டு வயதில் பினாங் தீவிலிருந்து கடலைத் தாண்டி, பிறை என்ற தொழில் நகருக்கு வேலைக்குப் போனாள். டத்தோ கிராமாட்டில் நகராண்மைக் கழகக் குப்பை லாரி ஓட்டியவரின் மூன்றாவது மகள். பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் நல்ல தேர்ச்சி. கணக்கியல் படிக்க மனுப் போட்டுவிட்டு, பதில் வரும்வரை வீட்டில் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். இடமில்லை என்று பதில் வந்தது. அவளைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களுக்கு இடம் இருந்தது. அதைப் பற்றி யாரிடம் கேட்பது என்று அப்பாவுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. தொழிற்சாலையே நிலைத்தது.

முதல் வேலை நுண்ணோக்கி வழியாகப் பார்ப்பது. தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி சில்லில் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று ஒரு முழு ஷிப்டும் குனிந்து பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒருநாள் பக்கத்து வரிசைப் பெண் ஒருத்தி லென்சுக்குள் கிழவன் ஒருவன் நிற்கிறான் என்று அலறினாள். மறுநாள் வேறு இரண்டு பேருக்கும் அவன் தெரிந்தான். அழுகையும் மயக்கமுமாக உற்பத்தி லைன் நின்றுபோனது. நிர்வாகம் போமோ என்ற மலாய் மந்திரவாதி ஒருவரை அழைத்து வந்தது. ஆடு வெட்டினார்கள், மந்திரித்த தண்ணீரை மூலைக்கு மூலை தெளித்தார்கள். உறக்கமில்லாத பெண்கள் ஓய்வில்லாமல் ஒரே புள்ளியை உற்றுப் பார்த்தால் என்ன தெரியாது என்று யாரும் யோசிக்கவில்லை. ஆட்டுக்குச் செலவு செய்த கம்பெனி ஷிப்டைக் குறைக்கவில்லை. கிழவன் போனானோ இல்லையோ, சந்திரிகாவின் பார்வை போகத் தொடங்கியது.

தடித்த மூக்குக் கண்ணாடி வந்தது. அதுவும் போதாமல் போனபோது கண் பரிசோதனையில் தோற்றவள் என்று கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே வேலை சாமான் எடுப்பது. லைனுக்கு வேண்டிய பாகங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, தள்ளுவண்டியோடு ரேக்குகளுக்கு நடுவில் நடந்து, எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்துகளைப் படித்து, சரியான பெட்டியை எடுத்து வர வேண்டும். பார்வை மங்கியவளை எழுத்துக் கூட்டிப் படிக்கிற வேலைக்கு அனுப்பியது எந்த மூளை என்று அவள் கேட்டதில்லை. ஒவ்வொரு லேபிளையும் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். "பெட்டிக்கு முத்தம் கொடுக்கிற அக்கா" என்று பெயர் வந்தது.

இப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. சுங்கை பினாங் அடுக்குமாடியில் வீடு. கணவன் கருப்பையா துறைமுகத்தில் வேலை பார்த்தபோது முதுகில் அடிபட்டு, பாதி நாள் காவல் வேலைக்குத்தான் போக முடிகிறது. மகள் அர்ச்சனா கல்லூரியில் படிக்கிறாள். மூன்று பேருக்கும் சோறு போடுவது சந்திரிகாவின் சம்பளம். விடியற்காலையில் தொழிற்சாலை வேன் வரும். பாலத்தைக் கடந்து பிறைக்குப் போகும்வரை உட்கார்ந்தபடியே தூங்குவாள்.

நுண்ணோக்கி, மூக்குக் கண்ணாடி இரண்டையும் அடுத்து, சென்ற ஆண்டு மூன்றாவது கண்ணாடி வந்தது.

பார்க்க வெல்டிங் கண்ணாடி போல இருந்தது. போட்டுக்கொண்டால் எதிரே இருப்பதெல்லாம் அப்படியே தெரியும். அதன் மேலேயே படம் வரும். எந்த ரேக்குக்குப் போக வேண்டும் என்று தரையில் பச்சை அம்பு ஓடும். எடுக்க வேண்டிய பெட்டியைச் சுற்றிப் பச்சைச் சதுரம் விழும். நெற்றிப் பக்கத்தில் பொட்டளவு கேமரா. அதுதான் லேபிளின் கோடுகளைப் படித்துச் சரி, தப்பு சொல்லும். தொழிலாளர்கள் அதற்கு ரோபோ கண்ணாடி என்று பேர் வைத்தார்கள்.

முதல் வாரம் கேண்டீன் முழுக்க அதே பேச்சு. மூளையில் கட்டி வரும் என்றார்கள். பிள்ளை தங்காது என்றார்கள். ஒருத்தி மாமியார் கட்டிவிட்ட கறுப்புக் கயிற்றைக் கண்ணாடிப் பட்டையில் சுற்றிக்கொண்டு வந்தாள். சந்திரிகா சிரித்தாள். "கயிறு கட்டினா கண்ணு தெரியும்னா நான் எப்பவோ கயித்துக் கடையே வெச்சிருப்பேன்லா" என்றாள்.

அவளுக்கு அந்தக் கண்ணாடி பிடித்திருந்தது. மறைக்க ஒன்றுமில்லை, மிகவும் பிடித்திருந்தது. முதல் நாள் பச்சை அம்பு ஓடியபோது பின்னாலேயே குழந்தை போல நடந்தாள். பெட்டியைத் தூக்கி மூக்கில் வைக்க வேண்டியதில்லை. கண்ணாடிக்குள்ளேயே அவள் கண்ணுக்கேற்ற பவர் போட்டிருந்தார்கள். எழுத்துகள் விரல் நீளத்துக்குத் தெரிந்தன. மாலையில் தலைவலி இல்லை. இரண்டே மாதத்தில் கிடங்கில் அவளைவிட வேகமான ஆள் இல்லை.

கண்ணாடி விற்ற நிறுவனத்திலிருந்து சிவநேசன் என்ற இளம் பொறியாளர் வாரம் தவறாமல் வருவான். பட்டையைச் சரிசெய்வான், யாருக்குக் கண் கூசுகிறது என்று கேட்பான். கண்டால் "என்னக்கா, சாப்டீங்களா?" என்று விசாரிக்கிற நல்ல பையன்.

"இன்னும் அஞ்சு வருஷம்தான்கா. ஹேன்ட்போனெல்லாம் தூக்கிப் போட்டுருவாங்க. எல்லாரும் இதைப் போட்டுக்கிட்டுத்தான் பாசாருக்குப் போவாங்க, பாருங்க."

"பாசார்ல மீன்காரன் என்னைப் பாக்கறானா, மீனைப் பாக்கறானான்னே இப்பத் தெரியல. இதுல அவன் கண்ணாடி வேற போட்டுக்கணுமா?"

"சனங்க ஒத்துக்குவாங்கக்கா. எல்லாத்தையும் முதல்ல வேணாம்பாங்க, அப்புறம் ஒத்துக்குவாங்க."

பரீட்சார்த்தமாகத்தான் கண்ணாடி வந்திருந்தது. தொழிலாளர்கள் ஏற்றுக்கொள்கிறார்களா என்று தலைமையகத்துக்கு அறிக்கை போக வேண்டும். நன்றாக வந்தால் மற்ற கிளைகளுக்கும் வாங்குவார்கள். ஆகவே சந்திரிகாவைப் படமெடுத்துப் பெரிய சுவரொட்டி அடித்துக் கேண்டீன் வாசலில் ஒட்டினார்கள். "மாற்றத்தை நான் ஏற்றுக்கொண்டேன்" என்று அவள் முகத்துக்குக் கீழே மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. அவள் அப்படி எதுவும் சொன்னதில்லை. தலைவலி இல்லை என்றுதான் சொல்லியிருந்தாள்.

ஒரு திங்கள்கிழமை சிவநேசன் நூர் ஃபாத்திஹாவின் கண்ணாடிப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான். ஃபாத்திஹா சந்திரிகாவின் வண்டிக்கு ஜோடி. பல வருடமாக இருவரும் ஒரே ரேக் வரிசை. தலையை மூடிய தூடோங் துணியின் மேல் பட்டை நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருப்பது அவள் புகார். சிவநேசன் பட்டையை இறுக்கிவிட்டு மலாயில், அக்கா என்பதற்குக் 'காக்' போட்டு, இயல்பாகச் சொன்னான்: "இனிமே நல்லா நிக்கும் காக். முடியைக் குட்டையா வெட்டிட்டீங்கல்ல, உள்ளே மேடு இருக்காது."

அவன் அடுத்த ஆளிடம் போய்விட்டான். ஃபாத்திஹா தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டாள் சந்திரிகா.

"காக், நான் முடி வெட்டினது வெள்ளிக்கிழமை ராத்திரி. என் புருஷனுக்குத் தெரியும். அப்புறம் உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை ஓய்வறையில உங்ககிட்டதான் காட்டினேன்."

சந்திரிகாவுக்கு நினைவிருந்தது. பெண்கள் ஓய்வறையில் ஃபாத்திஹா தூடோங்கைக் கழற்றி, கழுத்து வரை வெட்டிய முடியைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். "பத்து வயசு கொறைஞ்சிட்டே" என்று சந்திரிகா சிரித்தாள். அப்போது அவள் கண்ணாடியைக் கழற்றவில்லை. அது இல்லாவிட்டால் எதிரே இருக்கும் முகம் புகையாகத் தெரியும். தோழியின் புது முடியைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்றுதான் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

வேலை நேரத்தில் மட்டும்தான் கேமரா விழிக்கும், மற்ற நேரம் தூங்கும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். தூங்கவில்லை. கிடங்கின் வரைபடத்தைத் துல்லியமாக்குவதற்காக எந்நேரமும் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து அந்தப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பவர்களில் சிவநேசனும் ஒருவன். கெட்ட எண்ணம் அவனுக்கு இல்லை. பார்த்தது ஒரு பெண்ணின் தலை என்றுகூட அவன் நினைக்கவில்லை. பட்டை நிற்பதற்கு ஓர் இடம் என்று நினைத்தான். ஃபாத்திஹாவுக்கு அதனால் எந்த ஆறுதலும் இல்லை.

"நான் பாக்கறேன்னு நெனைச்சுத்தானே நீ காட்டினே" என்றாள் சந்திரிகா. தன் முகத்தின் மேல் இன்னொருவரின் கண்ணைச் சுமந்துகொண்டு போய்த் தோழிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

சூப்பர்வைசரிடம் சொன்னார்கள். மேலே சொல்வதாகச் சொன்னான். ஒரு வாரம் போயிற்று. மறுபடி கேட்டதற்கு, ஓய்வறைக்குப் போகும்போது கழற்றிவிடுங்கள் என்றான். கழற்றி எங்கே வைப்பது? கண்ணாடியைப் பொறுப்பில்லாமல் எங்கும் விட்டுப் போகக்கூடாது, ஷிப்ட் முடியும்வரை உடம்பிலேயே இருக்க வேண்டும் என்பதும் கம்பெனி விதிதான்.

அப்போதுதான் சந்திரிகா கைப்பையிலிருந்து ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்தாள். கறுப்பில் பெரிய வட்டம், கேமராவுக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. ஓய்வறைக் கதவருகே வந்ததும் ஒன்றை உரித்து ஒட்டினாள். வெளியே வந்ததும் எடுத்து மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டாள். ஃபாத்திஹா கையை நீட்டினாள். அவளுக்கும் ஒன்று. அந்த வாரக் கடைசிக்குள் கிடங்கில் வேலை செய்யும் பெண்கள் அத்தனை பேர் மணிக்கட்டிலும் பொட்டு இருந்தது. தமிழ்ப் பெண்கள், மலாய்ப் பெண்கள், நேபாளத்திலிருந்து வந்தவர்கள், எல்லாரும். மேனேஜர்கள் கவனிக்கவில்லை. பெண்களின் மணிக்கட்டை யார் பார்க்கிறார்கள்?

ஆனால் அதில் ஒரு கோளாறு இருந்தது, அது சந்திரிகாவுக்குத் தோன்றவே இல்லை. நெற்றியில் வேர்வைக்கும் நிற்க வேண்டும் என்று செய்த பசை அது. கண்ணாடி சூடாகும்போது இளகும். ஒட்டி ஒட்டி எடுத்ததில் அவளுடைய கேமராவின் மேல் மெல்லிய பசைப் படலம் படிந்துவிட்டது. ஒருநாள் அது கோடுகளைத் தப்பாகப் படித்தது. தப்பான பெட்டியைச் சுற்றிப் பச்சைச் சதுரம் விழுந்தது. பழைய சந்திரிகாவாக இருந்தால் பெட்டியை மூக்கில் வைத்துப் படித்திருப்பாள். இப்போது பச்சையை நம்பி எடுத்துப் போட்டாள். தப்பான பாகங்கள் லைனுக்குப் போய், பாதி ஷிப்டுக்கு லைன் நின்றது.

கண்ணாடியைப் பிரித்துப் பார்த்தார்கள். பசை தெரிந்தது. பசையின் நடுவில் கறுப்பு வெல்வெட் துணுக்கு ஒன்றும் இருந்தது. கம்பெனிச் சாதனத்தைச் சேதப்படுத்தியதற்காக உள்விசாரணை, வேலை நீக்கம்வரை தண்டனை கிடைக்கலாம் என்று சந்திரிகாவுக்குக் கடிதம் வந்தது.

மறுநாள் சிவநேசன் அவளைக் கேண்டீன் பின்பக்கம் கூப்பிட்டான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, பயப்படாதீங்க. வழி இருக்கு. போன வாரம் ஆயுத பூஜை வந்துச்சுல்ல? நீங்கல்லாம் போர்க்லிப்ட்டுக்கு, வண்டிக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வெச்சீங்கல்ல? கண்ணாடிக்கும் வெச்சோம், எடுக்க மறந்துட்டோம்னு சொல்லிருங்க."

"அதுல குங்குமம் இல்லையேப்பா. ஸ்டிக்கர்லா."

"ஸ்டிக்கர் பொட்டும் பொட்டுதானே! சமயம்னு ஒரு வார்த்தை சொன்னா எச்.ஆர். மேல பேசமாட்டாங்கக்கா. யாரும் தொடமாட்டாங்க. முத்துவீரப்பன் சாரே சொன்னாரு, அப்படிச் சொன்னா எழுதிக்கறேன்னு."

முத்துவீரப்பன் மனிதவள மேலாளர். தைப்பூசத்துக்கு நகரத்தார் வெள்ளி ரதத்தோடு நடப்பவர். கெட்ட மனிதரில்லை. இந்த விவகாரம் சத்தமில்லாமல் முடிய வேண்டும் என்பது அவர் ஆசை. ஆயுத பூஜையன்று கிடங்குக்கு வந்து பொரிகடலை வாங்கிச் சாப்பிட்டதும் அவர்தான்.

"கேமரா பார்த்தது?" என்றாள் சந்திரிகா.

சிவநேசன் தரையைப் பார்த்தான். "அது வெளிய வந்தா என் வேலையும் போயிரும்கா."

வீட்டில் கருப்பையா ஒரே பிடியாக நின்றான். "சாமிக்கு வெச்சேன்னு சொல்றதுல ஒனக்கு என்ன நஷ்டம்? வருஷா வருஷம் வெக்கறதுதானே! சொல்லிட்டு வந்து படு."

"வருஷா வருஷம் வெக்கறது வேற. இது வேற."

"வேலை போச்சுன்னா ரெண்டும் ஒண்ணுதான்."

அவன் சொன்னதில் தப்பில்லை. நாற்பத்தெட்டு வயதில், கண்ணும் போனவளை, பிறையில் வேறு எவன் எடுப்பான்? இரண்டு நாள் அவளும் அதைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாள். வேனில் போகும்போது வாய்க்குள் சொல்லிக்கூடப் பார்த்தாள்.

ஃபாத்திஹாவிடம் சொன்னபோது அவள் தலையை ஆட்டினாள். "சொல்லுங்க காக். நல்ல யோசனைதான்."

"நல்ல யோசனையா?"

"ஆமா. உங்களுக்கு நல்லது." சற்று நேரம் பெட்டிகளை அடுக்கினாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "என் கண்ணாடியையும் வாங்கி வெச்சிருக்காங்க. எல்லார் கண்ணாடியையும்தான். அதுலயும் பசை இருக்கும்."

சந்திரிகாவுக்கு அப்போதுதான் முழுக் கணக்கும் புரிந்தது. பொட்டு பூஜைக்கு வைத்தது என்று அவள் எழுதிக்கொடுத்தால், அது சமயச் சின்னமாகிவிடும். அவளை யாரும் தொடமாட்டார்கள். ஆனால் ஃபாத்திஹா கண்ணாடியில் இருந்ததும் அதே பொட்டு. ஒரு முஸ்லிம் பெண் இந்து பூஜைப் பொட்டை வைத்துக்கொண்டாள் என்று கம்பெனிக் காகிதத்திலேயே பதிவாகும். அதற்குப் பிறகு மத இலாகாவில் அவளைக் கூப்பிட்டு என்னென்ன கேட்பார்கள், அக்கம்பக்கத்தில் என்ன பேசுவார்கள்? படமெடுத்தவனை விட்டுவிட்டு, படமெடுக்கப்பட்டவள் தன் மதத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

"ஏன் இதை முதல்லயே சொல்லல?"

"உங்க வேலை காக் அது. நான் எப்படிச் சொல்வேன்?"

விசாரணை அறையில் குளிர் அதிகம். நீள மேசைக்குப் பின்னால் முத்துவீரப்பனும் உற்பத்தி மேலாளர் அமீராவும் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் சாட்சியாக சிவநேசன். சந்திரிகாவின் பழைய மூக்குக் கண்ணாடி வழியாக மூன்று பேரும் ஓரம் கலங்கித் தெரிந்தார்கள்.

முத்துவீரப்பன் தமிழிலேயே ஆரம்பித்தார், அமீராவுக்கு மலாயில் சொல்லிக்கொண்டே. குரல் கனிவாக இருந்தது.

"சந்திரிகா, ஆயுத பூஜை நம்ம வழக்கம். அது எனக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும். கண்ணாடில இருந்த பொட்டு பூஜைக்கு வெச்சதுதானே?"

"இல்ல சார்."

அவர் பேனாவை வைத்தார். "நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. நான் திரும்பக் கேக்கறேன். பூஜைக்கு வெச்சது, எடுக்க மறந்துட்டீங்க. அப்படித்தானே?"

"எத்தனை தடவை கேட்டாலும் அது சாமிக்கு வெச்சதில்ல சார். அது கடையில விக்கிற ஸ்டிக்கர். பிளாஸ்டர் கைல கிடைச்சிருந்தா பிளாஸ்டர் ஒட்டியிருப்பேன். கேமராவை மூடறதுக்கு ஒட்டினேன். மத்தவங்களுக்கும் நான்தான் குடுத்தேன், மூடிக்கச் சொல்லி."

முத்துவீரப்பன் மொழிபெயர்க்காமல் உட்கார்ந்திருந்தார். சந்திரிகாவே அமீராவைப் பார்த்து மலாயில் திருப்பிச் சொன்னாள். இந்த முறை ஓய்வறையையும் சேர்த்துச் சொன்னாள். யாருடைய தலை என்று சொல்லவில்லை. முடியைப் பற்றிப் பேசியவன் யார் என்று சொன்னாள்.

"நீ பார்த்தாயா?" என்று சிவநேசனைக் கேட்டாள் அமீரா.

"வரைபடத்துக்காக வர்ற படம் மேடம். அதுல... இருந்துச்சு."

"எந்த அறை?"

"கிடங்குக்குப் பக்கத்துல இருக்கிற பெண்கள் ஓய்வறை."

அமீரா தன் தூடோங்கின் ஓரத்தைக் கையால் தொட்டாள். அலுவலக மாடியில் குழாய் உடைந்து இரண்டு மாதமாகத் தண்ணீர் இல்லை. அலுவலகப் பெண்கள் எல்லாரும் தொழுகைக்கு முன் தூடோங்கைக் கழற்றிக் கைகால் கழுவக் கீழே அந்த அறைக்குத்தான் வந்துகொண்டிருந்தார்கள். அமீராவும்தான்.

ஒரு வாரம் சூப்பர்வைசர் மேசையில் கிடந்த கேள்வி அதன் பிறகு மிக வேகமாக நகர்ந்தது. தொழிலாளியின் தலைமுடி வரைக்கும் அது புகார். மேலாளரின் தலைமுடி என்றதும் அது நெருக்கடி. அன்று பிற்பகலே எல்லாக் கண்ணாடிகளையும் நிறுத்தினார்கள். படங்களை அழித்துவிட்டோம் என்று விற்பனை நிறுவனம் எழுதிக்கொடுத்தது. அழித்ததை யார் பார்த்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சிவநேசனை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அந்தப் படங்களை எடுக்கச் சொன்னவர்களைப் பற்றிப் பேச்சே எழவில்லை. ஓய்வறை, சூராவ் என்ற தொழுகை அறை, கேண்டீன் வாசல்களில் கொக்கி வைத்த பலகைகள் வந்தன. உள்ளே போகிறவர் கண்ணாடியைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். சிறு திருத்தங்களுக்குப் பிறகு தொழிலாளர்கள் புதிய சாதனத்தை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள் என்று தலைமையகத்துக்கு அறிக்கை போயிற்று. போட்டுக்கொள்கிறவர்களிடம் கருத்துக் கேட்டு எழுதிய அறிக்கை அது. அந்தக் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்தவர்களைக் கேட்க அதில் ஓர் இடமும் இல்லை.

சந்திரிகாவின் வேலை போகவில்லை. ஆனால் லைன் நின்றது நின்றதுதான், சாதனத்தில் பசை பூசியது பூசியதுதான் என்றார்கள். இறுதி எச்சரிக்கைக் கடிதமும், கிடங்கின் பின்வாசலுக்கு மாற்றமும் கிடைத்தன. வருகிற லாரிகளைச் சரிபார்த்து உள்ளே விடுகிற வேலை, கண்ணாடி கிடையாது. முத்துவீரப்பன் கடிதத்தைக் கொடுக்கும்போது, "நான் உங்களுக்கு ஒரு கதவைத் திறந்து விட்டேன் சந்திரிகா, நீங்கதான் வரல" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"அந்தக் கதவுல ஒரு ஆள்தான் சார் போக முடியும்" என்றாள் அவள்.

கருப்பையா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "வெயில்ல நிக்கற வேலையா? தொப்பி வேணும்ல?" என்று கேட்டு ஒரு தொப்பி வாங்கி வந்தான்.

பின்வாசலில் தலைவலி திரும்ப வந்தது. லாரிக்காரர்கள் நீட்டுகிற காகிதங்களை மறுபடி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கிறாள். பச்சை அம்பு இல்லாத குறை அவளுக்குத் தினமும் தெரிகிறது. நல்ல பொருள்தான் அது, என்று ஃபாத்திஹாவிடம் சாப்பாட்டு நேரத்தில் சொல்வாள். ஃபாத்திஹா ஒத்துக்கொள்ளவும் மாட்டாள், மறுக்கவும் மாட்டாள். அவள் இன்னும் கண்ணாடி போட்டுத்தான் வேலை செய்கிறாள். கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் வந்து உட்காருகிறாள்.

சமீபத்தில் ஒரு மத்தியானம் ஈப்போவிலிருந்து லாரி ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் கோகிலன் புது ஆள். இறங்கி வந்தவன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். சட்டத்தின் மூலையில் குண்டூசித் தலையளவுக்கு ஒரு கேமரா. இப்போது கடையிலேயே விற்கிறார்கள், இளைஞர்கள் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

"கண்ணாடியைக் கழட்டிட்டுப் பேசுங்க தம்பி" என்றாள் சந்திரிகா.

"ஏன்கா? வெயில் லா."

"கூரைக்குக் கீழதானே நிக்கறீங்க."

அவன் சிரித்தான். "ஐயோ, இது சும்மா பாட்டுக் கேக்கறதுக்குக்கா. போன் பேசலாம். ரெக்கார்ட் பண்ணல, லைட் எரியல பாருங்க."

"லைட் எரியாமயும் எடுப்பாங்க தம்பி."

"நான் எதுக்குக்கா உங்களை எடுக்கப் போறேன்? நீங்க என்ன நடிகையா?"

"இல்லல்ல. அதனாலதான் கேக்கறேன். நடிகைன்னா காசு குடுத்துட்டு எடுப்பீங்க."

பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. சந்திரிகா காகிதத்தை வாங்கவில்லை, முத்திரையையும் எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மறுபடி ஹாரன் நீளமாக ஒலித்தது.

"எல்லா இடத்துலயும் போட்டுட்டுத்தான்கா போறேன். யாரும் ஒண்ணும் சொல்றதில்ல."

"யார்கிட்டயாச்சும் கேட்டீங்களா?"

அவன் முனகிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் செருகினான். உள்ளே இருந்த கண்கள் கோவைப் பழம் போலச் சிவந்து, இமை வீங்கியிருந்தன.

சந்திரிகா காகிதத்தை வாங்கி மூக்கருகே வைத்துப் படித்தாள். "எப்பலேர்ந்து ஓட்டறீங்க?"

"நேத்து சாயங்காலம் ஜொகூர். அப்படியே ஈப்போ, அப்படியே இங்க."

"தூங்கவே இல்லையா?"

"எங்கக்கா தூங்கறது? கம்பெனிக்காரன் ஜி.பி.எஸ். வெச்சிருக்கான். பத்து நிமிஷம் நின்னா போன் அடிக்கறான்."

முத்திரை குத்தினாள். "உள்ள சாமான் இறக்க அரை மணி ஆகும். வண்டியை இறக்கறவங்ககிட்ட விட்டுட்டு, கேண்டீன்ல மூலை பெஞ்சுல படுங்க. நான் ஆள் அனுப்பி எழுப்பறேன்."

"போன் அடிச்சா?"

"நான் இன்னும் சீல் குத்தலன்னு சொல்லுங்க. கேட்டா என்கிட்ட குடுங்க, பேசறேன்."

அவன் கேண்டீன் பக்கம் நடந்தான். சந்திரிகா கையைத் தூக்கி அடுத்த லாரியை முன்னால் வரச் சொன்னாள்.